சடைச்சி சொன்ன புழு ரகசியம்

ஒரு ஊருல, பெரிய கண்மாய்க் கரையில, சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குத் தூண்டில் போடுறதுதான் பொழப்பு. மண்புழுவ முள்ளுல கோர்க்குறதுல அவள அடிச்சுக்க ஆளு கிடையாது. தலைப்பக்கமாக் குத்தி, முள்ளு வெளிய தெரியாம மெல்ல மெல்ல ஏத்தி, வாலு மட்டும் ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத்துக்கு, நெளியுற மாதிரி விட்டுடுவா. அந்த நெளிப்பப் பாத்துட்டு எந்த விரால் மீனு சும்மா போகும், சொல்லுங்க?

அந்த ஊரு ராஜாவுக்கு விரால் கொழம்புன்னா உசுரு. இது தெரிஞ்ச அரமனைக் காரியக்காரர் பொன்னுரங்கம் என்ன பண்ணாரு? மொத நாளு சடைச்சி பிடிச்ச விராலப் புடுங்கிக்கிட்டுப் போயி, "ராஜா, நானே தூண்டில் போட்டுப் பிடிச்சேன்"னாரு. ராஜா சால்வை போத்துனாரு. ரெண்டாம் நாளும் புடுங்குனாரு, மோதிரம் கிடைச்சுது. மூணாம் நாளும் புடுங்குனாரு, ஒரு குதிரையே கிடைச்சுது. சடைச்சி வீட்டுலயோ மூணு நாளும் வெறுங்கஞ்சி. "வாயத் தொறந்த, கண்மாய்ப் பக்கமே வரக்கூடாது"ன்னு வேற மெரட்டிட்டாரு. பாவம், அவ வயித்தெரிச்சல யாருகிட்ட சொல்லுவா?

மூணாம் நாளு கொழம்ப வழிச்சு நக்குன ராஜா, "பொன்னுரங்கம், நாளைக்கு நானும் வர்றேன். நீ எப்படிப் பிடிக்கிறன்னு பக்கத்துல ஒக்காந்து பாக்கணும்"னுட்டாரு.

அம்புட்டுதான், பொன்னுரங்கத்துக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. ஆயுசுல புழுவத் தொட்டதில்ல மனுசன். குதிரையில ஏறி ஓடியாந்து, "சடைச்சி, சடைச்சி, புழு கோர்க்குற ரகசியம் என்ன, சீக்கிரம் சொல்லு"ன்னாரு. அவ அப்பத்தான் வெத்தலய மென்னு கன்னத்துல ஒதுக்கியிருந்தா. "அதென்ன கன்னம் உப்பியிருக்கு?"ன்னு அவரே கேட்டாரு.

சடைச்சிக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டு, "அதான் ஐயா ரகசியம். மூணு புழுவ வாயில ஊற வச்சுக் கோர்க்கணும். நடுவுல துப்பிட்டா மீனு கிட்டயே வராது"ன்னா.

மறுநாள் காலையில ராஜா, பரிவாரம், ஊரு சனம்னு கரையெல்லாம் கூட்டம். சடைச்சியும் ஒரு ஓரமா நின்னா. பொன்னுரங்கம் கண்ண இறுக்க மூடிக்கிட்டு மூணு புழுவயும் வாயில போட்டாரு.

"என்னப்பா வாயில?"ன்னாரு ராஜா.

"ம்ம்."

"தண்ணி எம்புட்டு ஆழம்?"

"ம்ம்ம்."

"மொத மீன எந்த எடத்துல பிடிச்ச?"

"ம்ம்ம்ம்!"

ராஜாவுக்குக் கோவம் வந்துருச்சு. "கேக்குறேன்ல, வாயத் தொறடா!"ன்னு ஒரு அதட்டு. தொறந்தாரு. ரெண்டு புழு உதட்டுல தொங்குச்சு. மூணாவது எங்கன்னு கேக்குறீங்களா? அந்த அதட்டுல அது உள்ளயே போயிருச்சு! "ஐயோ, நெளியுதே, நெளியுதே!"ன்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சாரு. "நான் பிடிக்கல ராஜா, எல்லாம் அந்தச் சடைச்சி பிடிச்சது!"

ராஜா சடைச்சியக் கூப்பிட்டு, "நீ கோர்த்துக் காட்டு"ன்னாரு. அவ கொட்டாங்கச்சியில இருந்து ஒரு புழுவ எடுத்தா, கோர்த்தா, வீசுனா. கண்ணு மூடித் தொறக்கல, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் துள்ளிக்கிட்டு வந்துச்சு.

சால்வை, மோதிரம், குதிரை எல்லாத்தயும் அவளுக்கே குடுக்கச் சொன்னாரு ராஜா.

"குதிரைக்குப் புல்லு போட நான் எங்க போவேன் ராஜா? தெனமும் புழு தோண்ட ஒரு ஆளு குடுத்தாப் போதும்"னா சடைச்சி.

ராஜா யாரப் பாத்தாருன்னு நான் சொல்லணுமா? அன்னையில இருந்து பொன்னுரங்கம் விடிஞ்சா மம்பட்டியோட சேத்துல நின்னாரு. சடைச்சி வீட்டுல விரால் கொழம்பு கொதிச்சுது.

அடுத்தவ செஞ்ச வேலைய நான் செஞ்சேன்னு சொன்னா, ஒருநாளு செஞ்சு காட்டுன்னு கேப்பாங்க கண்ணுகளா. கொழம்பு எறங்கிருச்சு, கதையும் எறங்கிருச்சு, சாப்புட்டுப் போயிப் படுங்க.