மயிலைக்காளை படுத்த சந்தி

மாடுகள் வாய் திறந்து பேசிய நாட்களில், கடற்கரை உப்பளத்திலிருந்து வரும் பாதையும் மலையிலிருந்து இறங்கும் பாதையும் ஒரு கோட்டைக்கு முன்னால் குறுக்கே வெட்டிக்கொண்டன. சந்தை நாளில் இரண்டு பாதையிலும் வண்டிகள் வரிசையாக வரும். முதலில் போகிறவனுக்குத்தான் புளியமரத்து நிழலில் இடம் கிடைக்கும். அதனால் எல்லோருக்கும் அவசரம்.

சந்தியில் ஒரு மேடை கட்டி, இடும்பன் என்ற காவலனைக் கோட்டைக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பாதைக்கு அவன் வேப்பங்கொத்தை உயர்த்திக் காட்டினால் அந்தப் பக்கத்து வண்டிகள் போகலாம். மற்றப் பக்கத்துக்குச் சிவப்புத் துணி காட்டுவான். அவர்கள் நிற்க வேண்டும். பிறகு சட்டென்று கை மாற்றுவான். இங்கே கொத்து இறங்கும்போதே அங்கே கொத்து ஏறிவிடும். இடையில் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது.

மலைப் பாதையில் தினை ஏற்றி வந்தவன் சடையன். அவனிடம் இரண்டு காளைகள். ஒன்று செந்நிறச் செவலை, மற்றது சாம்பல்நிற மயிலை. ஒரு சந்தை நாளில் சந்திக்குக் கொஞ்சம் முன்பே வேப்பங்கொத்து சாயத் தொடங்கியதை அவன் பார்த்துவிட்டான். நின்றிருக்கலாம். நிற்க இடமும் இருந்தது. ஆனால் அவன் சாட்டையை ஓங்கினான்.

"வேண்டாம் சடையா, கடக்க முடியாது" என்றது செவலை.

"ஓடினால் முடியும். ஓடு!"

சாட்டை முதுகில் விழுந்தது. மயிலை அடிக்குப் பயந்து ஓடியது. கூடவே செவலையும் ஓட வேண்டியதாயிற்று. நடுச்சந்திக்கு வந்தபோது, தன் பக்கம் கொத்து ஏறியதைப் பார்த்த ஓர் உப்பு வண்டி பக்கவாட்டில் பாய்ந்து வந்தது. அதன் நுகத்தடி செவலையின் விலாவில் இறங்கியது. ஒரே நுகத்தில் கட்டியிருந்ததால் மயிலையும் முழங்காலிட்டு விழுந்தது. செவலையின் உயிர் போகிற வரையில் அதன் கழுத்துக்குப் பக்கத்தில்தான் மயிலையின் கழுத்தும் இருந்தது.

இடும்பன் மேடையிலிருந்து கத்தினான். "இழுத்து ஓரமாகப் போடுங்கள். பின்னால் வண்டி நிற்கிறது!"

அடுத்த சந்தைக்குச் சடையன் ஓர் இளங்காளையை மயிலையோடு பூட்டிக்கொண்டு வந்தான். சந்தியை நெருங்கும்போது மறுபடியும் கொத்து சாய்ந்தது. பழக்கதோஷத்தில் சடையனின் கை சாட்டைக்குப் போனது.

மயிலை சந்தியின் எல்லைக்கல் வரை நடந்தது. அங்கே முன்னங்கால்களை மடித்தது, பின்னங்கால்களையும் மடித்தது, படுத்துக்கொண்டது.

"எழுந்திரு!" என்று சடையன் அடித்தான்.

"அடி. கை வலிக்கும் வரை அடி. இந்தக் கல்லைத் தாண்ட மாட்டேன்."

பின்னால் வந்த வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. வண்டிக்காரர்கள் ஏசினார்கள். இடும்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"இது கோட்டை வழி. எழுந்து நட. இல்லையென்றால் வெட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

"அனுப்பு" என்றது மயிலை. "வெட்டுகிற இடத்துக்கும் நான்தானே நடந்து போக வேண்டும்? நடக்க மாட்டேன். முடிந்தால் தூக்கிக்கொண்டு போ."

அடுத்த வண்டியில் இருந்த கிழட்டுக் காளை இதைக் கேட்டுச் சிரித்துவிட்டது. சிரித்தபடியே அதுவும் படுத்தது. அதற்குப் பின்னால் இருந்த ஜோடி படுத்தது. எதிர்ப்பக்கத்தில் உப்பு வண்டிகளை இழுத்து வந்த மாடுகளும் படுத்தன. இடும்பன் வேப்பங்கொத்தை இந்தப் பக்கம் ஆட்டினான், அந்தப் பக்கம் ஆட்டினான். ஒரு சக்கரமும் உருளவில்லை. உச்சிவெயில் ஏறியது. சந்தையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இடும்பன் மயிலையின் முன்னால் குந்தினான். "உனக்கு என்னதான் வேண்டும்?"

"இங்கே கொத்தை இறக்கும்போதே அங்கே ஏற்றுகிறாய். நடுவில் இருக்கிறவன் எங்கே போவான்? இரண்டுக்கும் இடையில் இன்னொன்று காட்டு. அதைக் கண்டதும் கல்லுக்கு வெளியே இருப்பவன் நிற்கட்டும். உள்ளே இருப்பவன் வெளியேறட்டும். சந்தி காலியான பிறகு கை மாற்று."

"பச்சை, சிவப்பு. இரண்டுதான் உத்தரவு. மூன்றாவதற்கு நான் எங்கே போவேன்?"

சடையன் வண்டிக்குள் குனிந்தான். பொங்கலன்று செவலையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி அங்கே கிடந்தது. அதை எடுத்து இடும்பனிடம் நீட்டினான். சாட்டை எப்போதோ கீழே விழுந்திருந்தது.

"இதைக் காட்டு" என்றான்.

மாடுகள் எழுந்தன. இடும்பன் மேடையேறி, கொத்து காட்டி வண்டிகளை விட்டான். பிறகு முதல்முறையாக மஞ்சள் துணியை உயர்த்தினான். நடுச்சந்தியில் போய்க்கொண்டிருந்த ஒரு புளி வண்டிக்காரன் அதைக் கண்டு மிரண்டு, அங்கேயே கழுத்துக்கயிற்றை இழுத்து நின்றுவிட்டான்.

"நடுவில் நிற்கச் சொன்னது யார்?" என்று மயிலை குரல் கொடுத்தது. "உள்ளே வந்துவிட்டாய் அல்லவா, போ! போய்விடு!"

இறக்கத்தில் ஒரு வெல்ல வண்டி கல்லை ஒட்டி வந்துவிட்டிருந்தது. இழுத்துப் பிடித்தால் பாரம் முன்னே சரிந்து மாடுகளை நசுக்கிவிடும். "உன்னால் நிற்க முடியாது, நீயும் போ!" என்றது மயிலை. அதற்குப் பின்னால் வந்தவனும் அதே சாக்கில் விரட்டப் பார்த்தான். "உனக்கு இடம் இருக்கிறது. நில்!" அவன் திட்டிக்கொண்டே நின்றான். அன்று சந்தியில் ஒரு சொட்டு இரத்தம் விழவில்லை.

ஆனால் கோட்டைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. மஞ்சள் துணி அவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது. அதை மாடு கேட்டு வாங்கியதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இன்று துணி கேட்டது, நாளை எதைக் கேட்குமோ? எல்லா மாட்டுக்கும் மூக்கைத் துளைத்துக் கயிறு போட வேண்டும் என்று பறை அறைந்தார்கள். போடாதவனுக்குச் சந்தையில் இடமில்லை.

சடையன் ஊசியும் கயிறுமாக மயிலையின் முன்னால் வந்து நின்றான்.

"என்னால் ஆகாது மயிலை."

"போடு. நீ போடாவிட்டால் வேறொருவன் முரட்டுத்தனமாகப் போடுவான். மூக்குத்தானே போகிறது? கால் என்னுடையது. அதை எப்போது மடிப்பது என்று நான்தான் முடிவு செய்வேன்."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. கயிறு ஏறியபின் எந்த மாடும் மனிதனோடு பேசவில்லை. பேச முடியாமல் போயிற்று என்று கோட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். பேசப் பிடிக்கவில்லை என்று சடையன் சொன்னான்.

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் வந்து நின்றது அந்த நாளிலிருந்துதான். எத்தனை அடித்தாலும் எழாமல் மாடு பாதையில் படுத்துக்கொள்வதும் அந்த நாளிலிருந்துதான். இன்றைக்கு வண்டிகளை எஞ்சின் இழுக்கிறது. அதற்குக் காலை மடித்துப் படுக்கத் தெரியாது, விரட்டினால் விரட்டிய திசையில் ஓடும். ஆகவே மஞ்சளைக் கண்டதும் 'தாண்ட மாட்டேன்' என்று நிற்க வேண்டியவன் ஓட்டுகிறவன்தான்.