நான்காம் இலை

திருக்கொன்றையூர்க் கோயில் மடைப்பள்ளியில் பாத்திரம் துலக்குவது வடிவம்மையாருக்கு வாய்த்த திருத்தொண்டு. உச்சிக்காலப் பூசை முடிந்ததும் புளியும் சாம்பலும் கொண்டு வெண்கலப் பானைகளைத் தேய்ப்பார். ஐந்தெழுத்தை வாய்க்குள் ஓதிக்கொண்டே தேய்ப்பார். பானைகளின் கழுத்தில் உபயம் செய்தவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கும். எந்தப் பானை யார் கொடுத்தது என்பது மடைப்பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அப்படி, தெரிந்த பெயர்களைத் துலக்கித் துலக்கியே எழுத்துக் கற்றவர் அவர்.

கணவரை இழந்த அவருக்கு மூன்று பிள்ளைகள். பாத்திரம் துலக்குபவளின் பிள்ளைகளுக்குத் தம் பள்ளியில் இடமில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டதால் வீடே பள்ளியாயிற்று. கோயிலில் கிடைக்கும் பட்டைச் சோற்றை நால்வருக்கும் நான்கு பூவரச இலைகளில் பகிர்ந்து வைப்பார். தரையில் பரப்பிய சாம்பலில் பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்து எழுதுவார்கள். கொன்றைநாதர் பெயரைச் சொல்வார்கள். பிறகுதான் சோறு.

எந்தப் பானையிலும் ஔகாரம் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளின் நெடுங்கணக்கிலும் அது இல்லை. "பானைப் பள்ளிக்கூடத்துக்கு ஔ வந்து சேந்துச்சா, இல்ல இன்னும் யாரும் உபயம் பண்ணலயா?" என்று வாத்தியார் தெருவில் கேட்பார். அம்மையார் சிரித்துக்கொண்டே கடந்து போவார்.

ஆவணியில் வந்த காய்ச்சலில் நான்கு வயதுக் கடைக்குட்டி அமுதன் மூன்றே நாளில் போய்விட்டான். அம்மையாருக்கு அழுகை வரவில்லை. சில நாள் கழித்து வேலைக்குப் போனார். ஐந்தெழுத்து வாயில் ஓடியது. உள்ளே அதைக் கேட்க ஒருவரும் இல்லாததுபோல் இருந்தது. விரல் வெடிப்புகளில் புளி காந்துவதுகூட உறைக்கவில்லை.

அன்று பழக்கத்தில் அவர் கை நான்கு இலை போட்டுவிட்டது. சோறும் வைத்துவிட்டது.

"அம்மா, ஒரு எல கூட இருக்கே," என்றாள் மூத்தவள் மங்கை.

"அது சாமிக்கு," என்றார். வேறு சொல் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் நம்பினார்கள். மறுநாள் தாங்களே நான்காம் இலையைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அதைப் பார்த்து உட்கார்ந்துதான் எழுத்து எழுதினார்கள். உண்டு எழுந்தபின் அந்தச் சோறு பக்கத்து வீட்டுக் கன்றுக்குப் போயிற்று. மாதங்கள் சென்றன. பிள்ளைகளின் பக்தி ஒரு பொய்யின்மேல் உட்கார்ந்திருப்பதை அம்மையார் தினமும் பார்த்தார். சொன்னால் அவர்கள் கொன்றைநாதரையே பொய் என்று விட்டுவிடக்கூடும். சொல்லாவிட்டால் தாம் பொய்யை ஊட்டி வளர்த்தவர் ஆவார். இதை நினைக்கும்போதும் நெஞ்சு பதறவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மகன் கூத்தன், "நேத்து சாமி கொஞ்சம் சாப்பிட்டிருக்கும்மா. சோறு கொறைஞ்சிருந்துச்சு," என்றான்.

அதற்குமேல் அவரால் இயலவில்லை. "அது சாமிக்குப் போட்ட எல இல்லப்பா. தம்பி நெனப்புல கை போட்டுது. நான்தான் பொய் சொன்னேன்."

கூத்தன் அழுதான். மங்கை நான்காம் இலையை எடுத்து மூலையில் வைத்தாள். அன்று யாரும் சாமி பெயரைச் சொல்லவில்லை. மூவரும் உண்டார்கள்.

மறுநாள் உச்சிக்காலத்தில் நைவேத்தியம் செய்துகொண்டிருந்த குருக்கள் மடைப்பள்ளிக்கு ஓடி வந்தார். "நேற்று நான் உண்ணவில்லை, வடிவு எனக்கு இலை போடவில்லை" என்று கருவறையில் ஒரு குரல் கேட்டதாகச் சொன்னார்.

"அது அவருக்குப் போட்டது இல்லீங்க சாமி," என்றார் அம்மையார். "எம் புள்ளைக்கிப் போட்டது."

அப்போது அங்கிருந்த அனைவரும் கேட்கக் குரல் எழுந்தது: "யாருக்கென்று நான் கேட்டேனா? உன் பிள்ளையோடு உட்கார்ந்துதான் உண்டேன்."

அம்மையாருக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. துலக்க வேண்டியவற்றைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, பட்டைச் சோற்றோடு வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். மங்கை இலை எடுக்க எழுந்தாள்.

"பெரிய எலயாப் பாத்து எடும்மா," என்றார். "ரெண்டு பேரு சாப்பிடணும்."

உள்ளம் மரத்துப்போன நாளிலும் இலை போட்ட அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.