செப்டிக் டேங்க் யாருடையது?

கடன் கம்பெனி மேனேஜர் பரஞ்சோதியிடம் கோர்ட் உத்தரவு கிடையாது. குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். இஸ்திரி போடும் சகாயமேரி வீட்டுக்கடன் தவணை கட்டவில்லையாம். தெரு முழுக்க அவள் மானம் போகட்டும் என்று, தமுக்கடிக்கும் ஆளையும் நாலு தடியன்களையும் கூட்டி வந்துவிட்டார்.

"இனிமே இந்த வீடு கம்பெனியோடது! எல்லாரும் வெளியே போங்க!"

சகாயமேரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ரொம்ப சந்தோஷம் சார். கொல்லையில செப்டிக் டேங்க் பொங்கி ஓடுது. வீட்டுச் சொந்தக்காரருக்கு அபராதம் போட முனிசிபாலிட்டி ஆளு வந்து நிக்கிறாரு. வாங்க, உங்களைக் காட்டுறேன்."

பரஞ்சோதியின் பளபளத்த பூட்ஸ் தானாகவே பின்வாங்கியது. "உன் வீட்டுச் சாக்கடைக்கு நானா பொறுப்பு? கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் வீடு உன் கையிலதான்மா இருக்கு!"

"அப்ப உத்தரவோட வாங்க. நானும் கோர்ட்டுல வந்து தவணைக்கு அவகாசம் கேட்டுக்கிறேன்" என்றவள், தமுக்கடிப்பவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சார் சொன்னது கூட்டத்துல பின்வரிசைக்குக் கேக்கலையாம்."

அவரை அழைத்து வந்ததே அறிவிக்கத்தானே? தெருக்கோடி வரைக்கும், பரஞ்சோதியின் பின்னாலேயே நடந்து, தமுக்கடித்து அறிவித்தார்: "வீடு சகாயமேரி கையிலதான் இருக்கு! மேனேஜரே சொல்லிட்டாரு!"