இளவரசரின் தூக்கத்தைத் திருடியது யார்?

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் குவளைநாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட அதட்டினார் என்று சொன்னால் சரியாக இருக்கும். அவர் தும்மினால் கொட்டிலில் படுத்திருக்கும் யானை எழுந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவரையே ஒருத்தர் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். வயசு எட்டு மாதம். இளவரசர்!

ராத்திரியில் ஏழெட்டுத் தடவை "ங்ஙா!" என்பார். உடனே அரண்மனையே ஓடும். ராணி கண்ணைத் திறந்தபடி தூங்கப் பழகிவிட்டாள். சேனாபதி குதிரையின் வாலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு "எங்கேடா இதன் தலை?" என்று கத்தினார். வழக்கு ஒன்றில் ராஜா கொட்டாவி விட, அதைத் தீர்ப்பென்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தப்புர அதிகாரி உக்கிரமூர்த்திக்கு இதுதான் சமயம். செவிலி மயிலாத்தாவை வேலைக்கு வைத்தது மந்திரி மருதையா. அவளை விரட்டினால் மந்திரியின் பெயரைக் கெடுத்த மாதிரியும் இருக்கும், அந்த இடத்தில் தன் மைத்துனியை உட்காரவைத்த மாதிரியும் இருக்கும்.

"மகாராஜா," என்று மூக்காலேயே ஆரம்பித்தார், "குழந்தைமேல் குற்றமில்லை. மயிலாத்தா தாலாட்டுப் பாடினால் ஆந்தையே பயப்படுகிறது!"

"அப்படியா?" ராஜா சிம்மாசனத்தைக் குத்தினார். "இன்று இரவு என் மகன் விடியவிடியத் தூங்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் காலையில் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

மயிலாத்தா அழவில்லை. "போறேங்க மகாராஜா. ஆனா அவரு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் கண்ணை மூடுவாரு. நாளைக்கு அது எங்கேன்னு தேடினா நீங்க என்ன சொல்லுவீங்க?"

பதில் தெரியாதபோது செய்வதையே ராஜா செய்தார். "மந்திரி!" என்று கத்தினார்.

மருதையா மெதுவாக எழுந்தார். "இளவரசரின் தூக்கத்தை யாரோ திருடுகிறார்கள், மகாராஜா. சாயங்காலத்துக்குள் பிடித்துத் தருகிறேன். அதற்கு முன் எனக்கொரு மனக்குறை. இரவெல்லாம் இளவரசருக்கு நடக்கிற ராஜமரியாதை, ராஜாவுக்கு நடப்பதில்லையே?"

"அத்தனையும் நான் வகுத்த முறை!" உக்கிரமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ன, எனக்கில்லாத மரியாதை அந்தப் பொடியனுக்கா? இன்றைக்கே எனக்கும் நடக்கட்டும்!"

மத்தியானம் மோர்க்குழம்பும் அப்பளமுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு ராஜா சாய்ந்தார். கண் சொருகியது. லேசாகப் புரண்டு "ம்ம்..." என்றார்.

"பூஊஊம்!" காதோரம் கொம்பு முழங்கியது. நாலு தீவட்டி உள்ளே வந்தது. ஒருவன் முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டினான். ஒருத்தி குழந்தைக்குப் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தால் வெதுவெதுப்பான பாலை வாயில் ஊற்றினாள். வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இன்னொருத்தி மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள்.

"அச்ச்சூ!" கொட்டிலில் யானை எழுந்தது.

எல்லோரும் போனார்கள். மறுபடி கண் சொருகியது. மூக்கைச் சொறிந்தார். "பூஊஊம்!" கால் நீட்டினார். "பூஊஊம்!"

ஐந்தாவது பூஊஊமுக்கு ராஜா தாடியில் பால் சொட்ட எழுந்து நின்றார். "யாரடா என் தூக்கத்தைக் கெடுப்பது?"

"கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம், மகாராஜா!" என்றார் மருதையா. "நீங்கள் புரண்டு படுத்தீர்கள், அவ்வளவுதான். விட்டிருந்தால் தூங்கியிருப்பீர்கள். இளவரசரும் அப்படித்தான் அரைத்தூக்கத்தில் முனகுகிறார். நிஜமாகப் பசித்தால் வருகிற அழுகை வேறு. அது மயிலாத்தாவுக்குத் தெரியும். அவள் காது கொடுத்துக் கேட்பதற்குள் கொம்பு முந்திக்கொள்கிறது."

"முறை... ராஜமுறை..." உக்கிரமூர்த்தியின் குரல் மூக்கிலேயே மாட்டிக்கொண்டது.

"இன்னொரு திருடரும் உண்டு. ராத்திரி மூன்று தடவை வந்து, 'தூங்கிட்டானா?' என்று இடி மாதிரி கேட்பார்."

"யாரவன்? அவன் கழுத்தை..."

"கழுத்தில் முத்துமாலை போட்டிருக்கிறார், மகாராஜா."

ராஜா குனிந்து பார்த்தார். காது சிவந்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்து, மாலையைக் கழற்றி மருதையாவின் கழுத்தில் போட்டார். "ஆனால் நான் சொன்ன சொல் சொன்னதுதான். இன்று இரவு அவன் தூங்க வேண்டும். உக்கிரமூர்த்தி, நீர் தொட்டிலோரம் நில்லும். நான் எழுந்திருக்கும்வரை அசையக்கூடாது, மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது!"

இரவு. கொம்புக்குள் துணி அடைத்தாயிற்று. தீவட்டிகளை அணைத்தாயிற்று. ராஜா தரையில் தன் கைகள்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"ங்..." என்றது தொட்டில். ராஜா பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க!" என்றாள் மயிலாத்தா.

அந்த நாட்டில் ராஜாவிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. ராஜா உட்கார்ந்தார்.

"ங்ஙா..." தொட்டில் குலுங்கியது. ராஜாவுக்கு வேர்த்தது. மயிலாத்தாவின் கை நகரவில்லை. காது மட்டும் தொட்டில் பக்கம். பசியா? இல்லை. "ஙா... ஙு..." அப்புறம், "ச்சப், ச்சப்." கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது.

மூன்று தடவை அப்படி முனகினார். மூன்று தடவையும் தானே தூங்கிப்போனார்.

கோழி கூவியது. இளவரசர் நன்றாகத் தூங்கி, பளிச்சென்று விழித்தார். சுற்றிலும் பார்த்தால் எட்டு மாதத் தூக்கக் கடனை அரண்மனையே அடைத்துக்கொண்டிருந்தது. ராஜா தரையில் குறட்டை. மந்திரி தூணில் சாய்ந்து குறட்டை. ஊதுகிறவன் கொம்பைக் கட்டிக்கொண்டு குறட்டை. விழித்திருந்தவர் ஒருத்தர்தான். தொட்டிலுக்கு மேலே, கைக்கு எட்டும் தூரத்தில், கன்னங்கரேலென்று அவருடைய மீசை.

இளவரசர் பிடித்தார். இழுத்தார். உக்கிரமூர்த்தியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயைத் திறக்க முடியுமா? ராஜா இன்னும் எழவில்லையே!

மயிலாத்தா திடுக்கிட்டு எழுந்தாள். ஜன்னலில் வெயில். "என் ராசா, விடியவிடியத் தூங்கிட்டீங்களா!" என்று வாரி எடுத்தாள். பாதி மீசை கூடவே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். வெயிலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "மயிலாத்தா, நீ எங்கேயும் போகக்கூடாது, தெரிந்ததா?" என்று முணுமுணுத்துவிட்டு, எழுந்திருக்காமலே புரண்டு படுத்துக் குறட்டையைத் தொடர்ந்தார்.

இளவரசர் மறுபாதி மீசையைப் பார்த்தார்.