மூலையில் இருந்த பச்சைக் கேடயம்

“நான் தொட்டேன் டீச்சர். போயிருச்சு.”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஆதிமூலம் இதைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் உட்காரவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அடிபட்ட கையைக் காட்ட வந்தவர்போல நின்றார்.

பிரிசில்லா கைகளைப் பின்னால் கட்டியபடி அவரைப் பார்த்தாள்.

அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள். சங்கரன்கோவிலில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, ஒற்றை அறையில், புதனும் சனியும் வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பத்திநாலு வயது. படிக்க வருகிறவர்களில் அறுபதுக்குக் கீழே யாரும் இல்லை. ஆறு மாதத்தில் ஒருவருடைய மவுஸைக்கூட அவள் தொட்டதில்லை. தடுமாறுகிறவர் பக்கத்தில் போய் நிற்பாள். அவ்வளவுதான்.

“எது போச்சு அண்ணாச்சி?”

“கேடயம்.”

கீழே மில் ஓடத் தொடங்கியது. மேசைகள் மெல்ல நடுங்கின.

ஆதிமூலம் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். தாயில்லாமல் ஒரே மகளை வளர்த்தார். பெயர் சுகந்தி. இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். போவதற்கு முந்தின நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் போட்டு, திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பச்சையாக ஒரு சின்னக் கேடயத்தைக் காட்டினாள். இது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பதெல்லாம் பத்திரம், வேறு எதையும் தொட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், அது தானாகத் தூங்கிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே இருந்தது அவளுடைய இருபத்திநாலு வருஷம். பள்ளிக்கூடத்துப் படங்கள். கல்லூரியில் பேசிய பேச்சுகள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குச் சடை பின்னிவிடும் படம் ஒன்று. அம்மாவின் முகம் வேறு எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை.

ஆதிமூலம் சொன்னபடி நடந்தார். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாதபடி தானே இன்வெர்ட்டர் மாட்டினார். தினமும் காலையில் ஒரு விசையை மட்டும் தட்டித் திரையை எழுப்புவார். பச்சை இருக்கும். போய் டீ போடுவார். படிப்பெல்லாம் டீச்சரின் வகுப்புக் கம்ப்யூட்டரில்தான். தன் வீட்டு மவுஸின் மேல் ஒரு துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

நேற்று பக்கத்து வீட்டுச் சித்திரைவேல் வந்தபோது, மகள் வைத்துவிட்டுப் போன காவலைக் காட்டலாம் என்று ஆசை வந்துவிட்டது. மவுஸை நகர்த்தி, அம்பை அந்த மூலைக்குக் கொண்டுபோனார். அம்பு மேலே பட்டதும் கேடயம் காணாமல் போனது.

“மக வச்சதக் காப்பாத்தத் தெரியலியே வே உமக்கு,” என்றாராம் சித்திரைவேல். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆதிமூலத்துக்கு இரவெல்லாம் அதுதான் காதில் கேட்டது.

பிறகு செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முக்கோணத்தை அழுத்தி, ஒளிந்திருக்கும் சின்னங்களில் தேடினார். இல்லை. அக்காள் மகனுக்குப் போன் செய்தார். அணைத்துப் போடுங்கள் மாமா என்றான். ஒன்பது தடவை அணைத்துப் போட்டார். வரவில்லை.

“ஆடித்தபசுக்கு வாரேன்னிருக்கா டீச்சர். இன்னும் எட்டு நாள்தான். அதுக்குள்ள அத மூலைக்கு வர வச்சிரணும்.”

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்பது, தைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது வாசல்வரை வந்து சுகந்தி சொன்ன வார்த்தை.

“சுகந்திகிட்ட கேட்டீயளா?”

“நான் கூப்பிடுறது இல்ல.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. கல்யாணப் பேச்சிலேயே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சிரித்தபடி சொல்லியிருந்தார், பிறந்த வீட்டிலிருந்து சும்மா சும்மா போன் வந்தால் பொண்ணு புகுந்த வீட்டில் எப்படி ஒட்டும் என்று. ஆதிமூலம் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டார். தோண்டித் துருவுகிற அப்பன் என்று யாரும் தன்னைச் சொல்லக் கூடாது. அவளே தினம் காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவாள்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

*நல்லா இருக்கேன்ப்பா.*

“இன்னைக்கும் வந்துட்டு,” என்று போனைத் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

பிரிசில்லா திரும்பினாள். அறைக் கோடியில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் போனாள். அது அவளுடையது. குனிந்து சில விசைகளைத் தட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்தத் திரையின் மூலையிலும் ஒரு பச்சைக் கேடயம் இருந்தது.

“பாத்துக்கிட்டே இருங்க. பச்சை போச்சுன்னா கூப்பிடுங்க.”

மற்றவர்கள் வந்தார்கள். வகுப்பு நடந்தது. ஒரு பாட்டையா தன் பெயரைத் தட்டச்சு செய்து தானே கைதட்டிக்கொண்டார். ஆதிமூலம் திரும்பவில்லை. ஒரு மணிநேரம் அந்த மூலையையே பார்த்திருந்தார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு பிரிசில்லா வந்து நின்றாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு டீச்சர். அப்படியே இருக்கு.”

“இப்ப தொடுங்க.”

அவர் தயங்கினார். அவள் காத்திருந்தாள். அவர் மவுஸைப் பிடித்து, அம்பை மூலைக்கு நகர்த்தினார்.

கேடயம் மறைந்தது.

ஆதிமூலம் கையைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார். “உங்களுதையும் கெடுத்துட்டேனே.”

“நீங்க உக்காரதுக்கு முன்னாலயே அந்த ஆன்டிவைரஸ நான் நிப்பாட்டிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை.

“அப்ப, இவ்வளவு நேரம் பச்சையா இருந்துச்சே?”

“உள்ள நின்னுபோனாலும், அம்பு படுத வரைக்கும் கேடயம் அப்படியே நிக்கும். யாரும் தொடலல்லா.”

மில் நின்றது. மேசைகளின் நடுக்கமும் நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த அறை எவ்வளவு நடுங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

“அண்ணாச்சி, கம்பத்துல ஏறுதீய. தெருவுல ஒரு வீட்டுலயும் லைட் எரியல. கம்பியப் பிடிப்பீயளா?”

“அதெப்படி? டெஸ்டர் வச்சுப் பாக்காமப் பிடிக்க மாட்டேன்.”

“லைட்டுதான் எரியலியே.”

“லைட்ட நம்பிக் கம்பியத் தொடுதவன் ஒரு வருஷம் தாங்க மாட்டான். அது உசிர் போற விஷயம் டீச்சர்.” குரலில் கோபம் வந்துவிட்டது.

“ஆமா,” என்றாள்.

பூட்டை எடுத்துக்கொண்டு அவருடன் இறங்கினாள்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார, அவள் பின்னால் நின்றாள். சித்திரைவேல் சன்னல் பக்கம் வந்து, டாக்டரம்மா வந்தாச்சா என்று எட்டிப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

அவள் சொல்லச் சொல்ல, ஆதிமூலம் ஆன்டிவைரஸைத் தேடித் திறந்தார். கேடயம் இல்லாவிட்டாலும் புரோகிராம் உள்ளேதான் இருந்தது. திறந்ததும் சிவப்பாக ஒரு வரி. இயங்கவில்லை.

“நேத்து என் கை பட்டதுலதான்.”

“மேல போங்க. தினமும் அது எழுதிவச்ச குறிப்பு இருக்கும். எது வரைக்கும் எழுதியிருக்குன்னு பாருங்க.”

அவர் மேலே போனார். ஒரு வெற்றிடம். இன்னும் மேலே. பிறகுதான் வரிகள் தொடங்கின. கடைசி வரி மே இருபத்தாறு.

ஆதிமூலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வாரம். ஏழு வாரமாக அது செத்துக் கிடந்திருக்கிறது. ஏழு வாரமாக அவர் காலையில் எழுந்து, பார்த்து, நிம்மதியாக டீ போட்டிருக்கிறார்.

“ஜூன்ல, கோயில் வீடியோன்னு நான் ஒரு பென்டிரைவ் கொண்டாந்தேன்லா,” என்று சன்னலிலிருந்து மெதுவாகச் சொன்னார் சித்திரைவேல்.

“ஆமா. நாந்தான் சொருகச் சொன்னேன்.” ஆதிமூலம் திரும்பாமல் சொன்னார். “பச்சை இருந்துச்சே.”

“உங்க மகளோடதத் திறங்க,” என்றாள் பிரிசில்லா.

சுகந்தி என்று பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தார். படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்கள் வரிசையாக நின்றன. பெயர்கள் எல்லாம் ஏதோ எழுத்துகளாக மாறியிருந்தன. ஒன்றைத் திறந்தார். திறக்கவில்லை. இன்னொன்று. இன்னொன்று. சடை பின்னும் படம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

“வருமா டீச்சர்?”

சித்திரைவேல்கூட அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

“வராது.”

அவள் அதை மென்மையாகச் சொல்லவில்லை. கடுமையாகவும் சொல்லவில்லை.

சித்திரைவேல் சன்னலைவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டுக் கதவு சாத்தப்படுவது கேட்டது.

ஆதிமூலம் வெகுநேரம் அந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தபடி இருந்தார். தொட்டதால் போகவில்லை என்பது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. தொட்டுக் கெடுத்திருந்தால் ஒரு நாள் குற்றம். இது ஏழு வாரம்.

மகளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் வந்து தானே திறந்து பார்க்கும்படி விடக் கூடாது. போனை எடுத்தார். ‘உன் படமெல்லாம்’ என்று தட்டினார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

அவர் தட்டிய சொற்களுக்கு மேலே, காலையில் வந்த செய்தி இருந்தது.

*நல்லா இருக்கேன்ப்பா.*

அதற்கு மேலே நேற்றையது. *நல்லா இருக்கேன்ப்பா.* அதற்கு மேலே முந்தாநாளையது. அதுவும் அதே.

ஆதிமூலம் மேலே போனார்.

ஆனி. வைகாசி. சித்திரை. ஒவ்வொரு நாளும் அதே ஏழு மணி. அதே இரண்டு சொல். தமிழ் வருஷப் பிறப்பன்றும் அதுதான். அவருடைய பிறந்தநாளிலும் அதுதான். தினமும் அவர் கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறார்.

விரல் வேகமாக நகர்ந்தது. இன்னும் மேலே.

பிப்ரவரி பதினெட்டு.

*அப்பா, நேத்து மாவு பொங்கி அடுப்படி பூரா வழிஞ்சிட்டு. ஒங்கள நெனச்சுக்கிட்டேன். முட்டுக்குத் தைலம் தேச்சீயளா? நாளைக்கு ஒண்ணு சொல்லணும்ப்பா.*

அதற்குக் கீழே, பிப்ரவரி பத்தொன்பது.

*நல்லா இருக்கேன்ப்பா.*

அவர் பத்தொன்பதையும் பதினெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேலும் கீழும். மேலும் கீழும். பிறகு போனைப் பிரிசில்லாவிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். போனைத் தொடவில்லை. குனிந்துதான் படித்தாள். நிமிர்ந்தபோது, பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்து தொங்கின.

“எட்டு நாள்ல வந்துருவா,” என்றார் ஆதிமூலம். கேள்வி மாதிரி இருந்தது.



தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அவருடைய பழைய டெஸ்டர் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, ஆதிமூலம் மகளின் எண்ணைத் தானே அழுத்தினார். மணி அடித்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“சுகந்தி நல்லா இருக்கா மாமா.”

மாப்பிள்ளையின் குரல்.

ஆதிமூலம் இன்னும் எதுவும் கேட்கவில்லை.