இடது காலின் கோடு

பூங்கோதை காவல்துறையில் ஏட்டு. வயது முப்பத்து நான்கு. நீளம் தாண்டுவதில் மாநிலத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லாத ஒரு காலம் இருந்தது. பிறகு ஒரு போட்டியில், பலகையை மிதித்து எழும்பிய நொடியில், இடது முழங்காலுக்குள் ஏதோ அறுகிற சத்தம் கேட்டது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம், பந்தோபஸ்து டியூட்டி பார்க்கலாம் என்றார் டாக்டர். தாண்டலாமா என்று அவள் கேட்டபோது, அதை இப்போதே சொல்ல முடியாது என்றார்.

அவள் திருச்சிக்கு வந்து நிலோஃபரின் முன்னால் நின்றாள்.

நிலோஃபர் அங்கே காவல்துறைத் தடகள அணிக்குக் கோச். பூங்கோதையைவிட ஐந்து வயது சின்னவள். பள்ளியில் படித்தபோது பூங்கோதை தாண்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள்.

"எனக்குக் கத்துக் கொடுங்க, மேடம்."

"உங்களுக்கா? நானாக்கா?"

"மொதல்லேருந்து."

நிலோஃபர் அவளை உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அழைத்துப் போனாள். தரையில் இரண்டு கறுப்புத் தட்டுகள் அருகருகே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து ஒயர் ஒன்று மேசைமேல் இருந்த திரைக்குப் போனது. தட்டில் நின்று குதித்தால், எந்தக் கால் தரையை எவ்வளவு பலமாகத் தள்ளியது என்று திரையில் கோடு ஏறும். வலது கால் சிவப்பு. இடது கால் நீலம். அங்கே பயிற்சிக்கு வரும் பெண்கள் அதற்குத் தராசு என்று பேர் வைத்திருந்தார்கள்.

பூங்கோதை குதித்தாள். சிவப்புக் கோடு மலைபோல ஏறி இறங்கியது. நீலம் பாதி மலையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டுக்கும் நடுவுல பத்துல ஒரு பங்குக்கு மேல வித்தியாசம் இருக்கற வரைக்கும் நீங்க மணல் பக்கம் போகக் கூடாது" என்றாள் நிலோஃபர்.

"ஆடி கடைசியில அணிக்குத் தேர்வுப் போட்டி, மேடம். எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது."

"தெரியும்க்கா."

அன்றிலிருந்து பூங்கோதை எடை தூக்கினாள், படிக்கட்டில் ஒற்றைக் காலால் ஏறினாள். கடைசியில் தராசில் நின்று குதிப்பாள். கால் தரைக்கு வருவதற்கு முன்பே கண் திரைக்குப் போய்விடும். நீலம் கொஞ்சம் ஏறும். மறுநாள் இறங்கும்.

"எப்போ மேடம் ரெண்டும் சமமாகும்?"

"குதிங்கக்கா."



வெளியே மணலில் சகாயராணி என்ற இளம் கான்ஸ்டபிள் தாண்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அணிக்கு அவள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பூங்கோதையின் காதிலும் அது விழுந்தது.

ஒருநாள் காலையில் சிவப்பும் நீலமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கூடத்தில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி விசில் அடித்தாள்.

நிலோஃபர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை."

பூங்கோதை குதித்தாள். மறுபடியும் சமம்.

"சமமாயிடுச்சு மேடம். இன்னிக்கு மணல்ல இறங்கலாமா?"

"இறங்கலாமே. காஞ்சு கெடக்கு, மொதல்ல மணலை நனைச்சிடுவோம். வாங்கக்கா."

குழாயடியில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்று நிரம்பியிருந்தது. இன்னொன்றில் பாதிதான் தண்ணீர். பாதி வாளியை நிரப்பப் பூங்கோதை குனிந்தாள். அதற்குள் நிலோஃபர் நிரம்பிய வாளியைச் சாய்த்து, பாதியைச் சாக்கடையில் ஊற்றினாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ரெண்டும் சமமாயிடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

"இது பத்தாதே. மணல் நனையாதே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். முகம் சிவந்தது. குழாயடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நிலோஃபர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"வலது காலை அடக்கினேன் மேடம்" என்றாள் பூங்கோதை. "இடதை ஏத்த முடியல. அதான்."

"ஏன் முடியல?"

"தெரியல."

"தெரியும்க்கா. சொல்லுங்க."

பூங்கோதை இடது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அழுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேக்குது. அறுந்துச்சே, அந்தச் சத்தம். கால் நல்லாத்தான் இருக்கு, எனக்கே தெரியுது. ஆனா காதுல கேக்குது. எத்தனை திருடனைத் தொரத்திப் புடிச்சிருக்கேன். இதை வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நிலோஃபர் அவளைத் திரும்பக் கூடத்துக்குக் கூட்டிப்போய், போன வாரத்துக் கோடு ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"பலம் இல்லாத கால் மெதுவா ஏறும்க்கா, சாய்வா. உங்க நீலத்தைப் பாருங்க. சிவப்பு மாதிரியே செங்குத்தா ஏறுது. இந்த எடத்துல வெட்டிக்குது பாருங்க. கால் கொடுக்க ஆரம்பிச்சிருச்சு. நீங்கதான் பாதியில திருப்பி வாங்கிக்கிறீங்க."

பூங்கோதை திரைக்கு அருகில் போனாள். நீலக் கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அடியிலிருந்து ஏறி, ஒடிந்த இடத்தில் விரல் நின்றது.

"அப்போ பலம் இருக்கா மேடம்?"

"இல்லாததை எப்படித் திருப்பி வாங்குவீங்க?"

அதற்குப் பிறகு பூங்கோதை வலது காலை அடக்கவில்லை. வித்தியாசம் பழையபடி பெரிதாகத் தெரிந்தது. கைதட்டியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பயிற்சிக்குத் திரும்பினார்கள். அவள் கவலைப்படவில்லை. கோடு எவ்வளவு உயரம் என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

"வெட்டுச்சா மேடம்?" என்று மட்டும் கேட்பாள்.

"வெட்டுச்சு."

"இப்போ?"

"கொஞ்சம் மேல போய் வெட்டுச்சு."

சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று அழுத்தினாள். சில நாள் பல்லைக் கடித்து அழுதுகொண்டே அழுத்தினாள். ஆனி முடியும் தறுவாயில் ஒரு காலை, நீலக் கோடு எங்கேயும் ஒடியாமல் உச்சிக்குப் போய் வளைந்து இறங்கியது. சிவப்பைவிட ஒரு விரல் கீழேதான். ஆனால் சிவப்பும் இதுவரை இல்லாத உயரத்தில் இருந்தது.

நிலோஃபர் திரையை அணைத்தாள்.

"மணலுக்குப் போங்கக்கா."

தேர்வுப் போட்டியன்று காற்று பலமாக வீசியது. காவல்துறைப் பெண்கள் கேலரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சகாயராணி இரண்டாவது சுற்றிலேயே ஐந்து மீட்டர் தொண்ணூற்றைந்து தாண்டிவிட்டாள். பூங்கோதை சுற்றுக்குச் சுற்று பலகைக்கு வெகு முன்னாலேயே காலை ஊன்றி, பத்திரமாகத் தாண்டினாள். ஒரு தடவை ஓடிவந்தவள் தாண்டாமல் மணலுக்குள் நடந்தே போய்விட்டாள். கேலரியில் யாரோ 'ப்ச்' என்றார்கள்.

கடைசி வாய்ப்புக்கு முன்னால் அவள் வேலியோரம் வந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க மேடம்."

நிலோஃபர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

பூங்கோதை ஓடினாள். கேலரி எழுந்து நின்றது. கடைசி எட்டில் வேகம் குறையவில்லை. இடது கால் பலகையின் நடுவில் விழுந்த சத்தம் வேலிவரை கேட்டது. அடுத்த நொடி அவள் தரையில் இல்லை. காற்றில் இரண்டு எட்டு நடந்து, கையை வீசி, மணலின் தொலைக்கோடியில் போய் விழுந்தாள்.

தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடி ஏறியது. அளந்தவர் ஒரு தடவை குனிந்து பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

ஆறு மீட்டர் நான்கு சென்டிமீட்டர். அவள் தன் நல்ல காலத்தில்கூடத் தொடாத தூரம்.

கேலரி ஊளையிட்டது. தொப்பிகள் பறந்தன. பூங்கோதை வாயில் மணலோடு, கண்ணில் மணலோடு, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தூக்கியவள் சகாயராணி.

"எப்படிக்கா! எப்படி!"

அவள் இறக்கிவிட்டதும் பூங்கோதை வேலியை நோக்கி ஓடினாள். நிலோஃபர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். விரல்களில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

"மேடம், பாத்தீங்களா? முழுசா கொடுத்தேனா? இல்ல, கடைசியில கொஞ்சம் வாங்கிக்கிட்டேனா?"

நிலோஃபர் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்க்கா? நீங்க பலகையை மிதிச்சப்போ நான் பயந்துபோய்க் கண்ணை மூடிட்டேன்."