பல்லக்கு நின்ற வாசல்

கடைத்தெருவே அதிரும்படி கொம்பு ஊதியது. தேநீர்க் கடை பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார் பேலி ராம். அது அவருடைய ஊர்த் தெய்வமான தேவரின் கொம்பு.

இமாச்சல மலையில் ஆப்பிள் பெட்டிகளை முதுகில் சுமந்து பிழைத்தவர் அவர். விடியலில் தேவர் கோயில் படிகளில் பனியை வாரிக் கொட்டிய பிறகுதான் முதல் பெட்டியைத் தூக்குவார். பின்னாளில் ஐந்து முறை சட்டமன்றம் சென்றார். நாம் சொல்வது முதல் தேர்தலின் கதை. மேலூர்களுக்குச் சாலை வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு சுயேச்சையாக நிற்க வந்திருந்தார்.

சுயேச்சையின் வேட்புமனுவில் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்டிருந்த பத்துப் பேரும், எதிர்த்து நின்ற தோட்ட முதலாளி ரான்டாவுக்குப் பயந்து காலையிலேயே நழுவிவிட்டார்கள். அதுவோ மனு கொடுக்கக் கடைசி நாள். மணி இரண்டேகால். மூன்றுக்குத் தேர்தல் அலுவலகக் கதவை மூடிவிடுவார்கள்.

திருவிழாவுக்குப் புறப்பட்ட தேவரின் பல்லக்கு தெரு வளைவில் தெரிந்தது. எதிர்ப்படும் ஊர்க்காரர் செருப்பைக் கழற்றித் தோள் கொடுக்க வேண்டும். தேவர் தாமாக நிற்கும்வரை இறக்கக் கூடாது. தேவர் தோளில் இருக்கும்போது சொந்த வேலை பேசவும் கூடாது. அந்த மலையின் வழக்கம் அது.

பேலி ராம் செருப்பைக் கழற்றினார்.

ரான்டாவின் ஆள் ஒருவன் சிரித்தான். "என்ன பேலி, எம்.எல்.ஏ. ஆசை அவ்வளவுதானா? அந்த மனுவைக் கொடு, பக்கோடா மடிக்கலாம்!"

"அப்புறம் மடிச்சுக்கலாம் தம்பி. தேவர் வந்துட்டார், வழி விடு."

தண்டு தோளில் ஏறியதும் அவர் முகம் தெளிந்தது. சாலை வராமல் போகுமே என்ற கவலை ஒருமுறை நெஞ்சைக் கிள்ளியது. "உன் சித்தம்" என்று முணுமுணுத்து நடந்தார்.

நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய பல்லக்கு வலப்பக்கம் இழுத்தது.

"ஏய், யாருப்பா திருப்புறது?" என்று கத்தினார் சாமியாடி ஜியாலால்.

"நாங்க இல்லீங்க, அவரேதான் இழுக்கறாரு!" என்றார்கள் சுமந்தவர்கள்.

சரிவில் விறுவிறுவென்று இறங்கிய பல்லக்கு, தேர்தல் அலுவலக வாசலில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இறக்கி வைத்ததும் பேலி ராம் மண்ணில் விழுந்து வணங்கினார். சட்டைப்பையிலிருந்து மனு நழுவியது. ஜியாலால் எடுத்துப் பார்த்தார். முன்மொழிவோர் பெயருக்கான பத்து இடங்களும் காலி. தமக்கென்று எதுவும் கேட்காத அந்தத் தோளைத் தேவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

ஜியாலால் பல்லக்குச் சுமந்த ஊர்க்காரர்களை ஒருமுறை எண்ணினார். பிறகு சிரித்தார்.

"எந்திரி பேலி. பத்துப் பேர் போதுமாம், தேவர் பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கார்."